ரெக்கார்டுக்குள் ஒரு பெயர்

இசை நூலகர் என்று ஒரு உத்தியோகம் இருக்கிறது என்றால் எங்கள் பி.காம். கூட்டம் சிரிக்கிறது. "பழைய ரெக்கார்டை எம்பி3 ஆக்கிட்டா முடிஞ்சுது, அதுக்கு ஒரு ஆளா?"

முடியாதுங்க. 1902-ல் லண்டனிலிருந்து வந்த பிரெட் கெய்ஸ்பெர்குக்காகக் கல்கத்தாவில் பாடினார் கௌஹர் ஜான். தட்டு அச்சானது ஜெர்மனியில், ஹனோவரில். பாடியது யாரென்று அங்கே தெரிய வேண்டுமே! அதற்காகப் பாட்டு முடிந்ததும் தன் பெயரை அவரே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். கேட்டுப் பாருங்கள், ஒரு கம்பீரம் இருக்கும் :)

எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. லேபிள் கிழிந்த தட்டில் மிஞ்சுவது பொறித்த எண்தான். அதைக் கம்பெனியின் பழைய கேட்டலாக்கோடு ஒப்பிட்டு ஆளையும் வருடத்தையும் பிடிக்க வேண்டும். ராகத்தைப் பிடிக்கக் காது வேண்டும். இந்த வேலை நடக்காமல் கணினியில் ஏற்றினால் "டிராக் 07" என்றுதான் கிடக்கும். யார் தேடினாலும் அகப்படாது. எங்கள் பாஷையில், கிடங்கில் இருக்கிறது, பேரேட்டில் இல்லை.

என்னைக் கேட்டால், டிஜிட்டல் திட்டங்களில் மெஷினுக்கு முன்னால் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். மெஷினை அடுத்த வருடமும் வாங்கலாம். குரலைக் கேட்டதுமே இன்னார் என்று சொல்லக்கூடிய பெரியவர்களுக்கு எண்பது வயதாகிறது.