இரண்டு நாற்காலிகள்

ஒரு கட்சி தனக்குள் சுருங்கிப்போவதைத் தலைவர்களின் குணக்கேடாகவே பேசிப் பழகியிருக்கிறோம். தலைமை மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டம் எங்கே நடக்கிறது, அது யாருக்குத் தெரிவிக்கப்படுகிறது, பிரதிநிதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பன போன்ற சிறிய நடைமுறைகளில்தான் கட்சியின் மூடிய மனம் குடியிருக்கிறது. அடித்தளத் தொண்டர்கள் அதனோடு மோத வேண்டிய இடமும் அதுவே. 1964இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று.

அன்று அம்மாநில ஜனநாயகக் கட்சி நடைமுறையில் வெள்ளையர்களின் கட்சி. மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கினர் கறுப்பர்கள். அவர்களில் வாக்களிக்கும் வயதினரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஃபேனி லூ ஹேமர் என்ற பெண் 1962 ஆகஸ்டில் தன் பெயரைப் பதிவு செய்ய முயன்றார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பருத்தித் தோட்டத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு வினோனா நகரச் சிறையில் கடுமையாக அடிக்கப்பட்டார். வாக்காளராவதற்கே இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்த இடத்தில் கட்சிக்குள் குரல் என்பது எட்டாத கனவு.

அவரும் தோழர்களும் கட்சியைத் திட்டி அறிக்கை எழுதிக்கொண்டிருக்கவில்லை. முதலில் கட்சியின் உள்ளூர்க் கூட்டங்களுக்கே சென்றார்கள். சில இடங்களில் கதவு பூட்டியிருந்தது. சில இடங்களில் உள்ளே விட்டும் பேச விடவில்லை. அவமதிப்புகள் ஒவ்வொன்றையும் சாட்சியமாகத் திரட்டினார்கள். பிறகு மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற பெயரில், எவரும் வரலாம் என்று அறிவித்துத் தாங்களே கூட்டங்கள் நடத்தினார்கள். அடிமட்டத்திலிருந்து மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகத் தேர்தல் நடத்தி, ஜாக்சன் நகரில் 68 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுள் வெள்ளையர் சிலரும் இருந்தனர். விதியை மீறியவர்கள் அதிகாரத்தில் இருக்க, வெளியே நிறுத்தப்பட்டவர்களே விதியைக் காப்பாற்றிக் காட்டினார்கள். இந்தத் தலைகீழ் நிலைதான் அவர்களுடைய வலிமை.

அட்லாண்டிக் சிட்டியில் கூடிய தேசிய மாநாட்டில், 1964 ஆகஸ்ட் 22 அன்று, பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுவின் முன் ஹேமர் பேசினார். தொலைக்காட்சியின் கவனத்தைத் திருப்புவதற்காகவே குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு ஒன்றைக் கூட்டினார். அன்றிரவே அந்தச் சாட்சியம் ஒளிபரப்பாகி நாடெங்கும் சென்றது. பிறகு சமரசம் வந்தது: இரண்டு இடங்கள் தரப்படும்; அவற்றில் அமரப்போகிறவர்கள் யார் என்பதையும் தலைமையே சொல்லும்; மற்றவர்கள் விருந்தினர்களாக இருக்கலாம்; 1968 மாநாட்டில் இனப்பாகுபாடு அனுமதிக்கப்படாது.

பேயார்ட் ரஸ்டின் போன்ற அனுபவசாலிகள் இதை ஏற்கச் சொன்னார்கள். அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எதிரே, குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டர் நின்றார். அச்சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கிடைப்பதை வாங்கிக்கொண்டு மேலே போவதே அரசியல் என்பதிலும் உண்மை உண்டு.

ஆயினும் மிசிசிப்பிக்காரர்கள் மறுத்தது சரியே என்பது என் துணிபு. இரண்டு என்ற எண் சிறியது என்பது மட்டுமல்ல விஷயம். வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களை ஒதுக்கிவிட்டுத் தலைமை தனக்கு உகந்த இருவரைப் பொறுக்கியெடுத்தது. அவர்கள் எதிர்த்த நோயும் அதுதான். குறுகிய வட்டத்துக்கு விருந்தோம்பலும் தெரியும். வாசலில் நிற்பவர்களில் இருவரை அழைத்து உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த நாற்காலியை ஏற்றிருந்தால், கதவு யாருடையது என்ற கேள்வி அத்தோடு முடிந்திருக்கும்.

மறுப்புக்கு விலையும் இருந்தது. அந்த மாநாட்டோடு கட்சி அரசியலிலேயே நம்பிக்கையிழந்த இளைஞர்கள் பலர். 1968 சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பழைய அணி நிராகரிக்கப்பட்டு, ஹேமர் உள்ளிட்ட கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அணி அமர்ந்தபோது, அது 1964இன் அமைப்பாக இல்லை. மிதவாதிகளும் சேர்ந்த கூட்டணியாக இருந்தது. போராடியவர்கள் வேறு, பலனில் பங்கு கொண்டவர்கள் வேறு என்ற கசப்பு அதில் உண்டு. ஆனாலும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே அக்கட்சி பின்னர் திருத்த வேண்டியிருந்தது. 1964இல் எழுப்பிய கேள்வியை அதற்கு மேல் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

எந்தக் கட்சியிலும் தொண்டர்கள் தலைமையின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கட்சியின் விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு வரியையும் தாங்கள் கடைப்பிடித்துக் காட்டி, எங்கே அது மீறப்பட்டது என்று ஊரறியக் கேட்கலாம். அதற்குப் பதிலாக ஒரு நாற்காலி நீட்டப்படும்போது, யார் தேர்ந்தெடுத்து யாருக்குத் தருகிறார்கள் என்று ஒரு கணம் நின்று கேட்பது, உட்காருவதைவிட முக்கியம்.