ஒரு கதவை மட்டும் பார்த்தால் போதாது

"இருதய வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே கலங்கிப் போகிறது. பணத்துக்கு அலைச்சல், ரத்தத்துக்கு அலைச்சல். இந்தப் பரபரப்பில் முக்கியமான ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. மற்ற வால்வுகள் எப்படி இருக்கின்றன?

இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. ரத்தம் ஒரே திசையில் போகும்படி திறந்து மூடும் கதவுகள் அவை. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாத ஜுரம் இவற்றைக் கெடுக்கிறது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது இடப் பக்கத்து மைட்ரல் வால்வு. பல பேருக்கு அடுத்துள்ள அயோர்ட்டிக் வால்வும் சேர்ந்து கெடுகிறது.

இதில் ஓர் ஏமாற்று வேலையும் உண்டு. மைட்ரல் வழி மிகவும் சுருங்கியிருந்தால், அதைத் தாண்டிப் போகும் ரத்தமே குறைவு. அதனால் அயோர்ட்டிக் வால்வின் சுருக்கம் லேசானதுபோலத் தோன்றும். மடையைத் திறந்த பிறகுதானே வாய்க்காலில் உள்ள அடைப்பு தெரியும்!

வலப் பக்கத்து டிரைகஸ்பிட் வால்வின் கதை வேறு. அது பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. மைட்ரல் கோளாறினால் நுரையீரலில் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலது அறை விரிகிறது. நிலை அகன்று விட்டால் கதவு எப்படிப் பொருந்தும்? ரத்தம் பின்னோக்கி ஒழுகுகிறது. காலும் வயிறும் வீங்குகின்றன.

இடப் பக்கத்தைச் சரி செய்தால் வலப் பக்கம் தானே சரியாகி விடும் என்று 1960-களில் சர்ஜன்கள் பலர் நம்பினார்கள். சிலருக்கு அப்படியே ஆயிற்று. மற்றவர்கள் சில வருஷங்களில் கால் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். மார்பை இரண்டாம் முறை திறப்பது அதிக அபாயம். ஆகையால் ஒழுக்கு கடுமையாக இருந்தால், அதே ஆபரேஷனில் வளையம் தைத்து நிலையைச் சுருக்கி விடுவது இன்றைய வழக்கம்.

ஒழுக்கு கடுமையாக இல்லாவிட்டால்? இங்கேதான் சிக்கல். மைட்ரல் வால்வு நைந்து ஒழுகிய 401 பேரிடம் செய்த ஆராய்ச்சி ஒன்று 2021-ல் வெளிவந்தது. இவர்கள் வாத ஜுரக்காரர்கள் அல்ல. வளையம் வைத்தவர்களுக்கு இரண்டு வருஷத்தில் ஒழுக்கு முற்றுவது மிகவும் குறைந்தது. ஆனால் அவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. வளையம் வைக்காதவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான்.

லாபமும் நஷ்டமும் கலந்த இந்த முடிவை வீட்டாருக்குத் தெரியாமல் எடுப்பது நியாயமல்ல. எக்கோ பரிசோதனையில் நான்கு வால்வுகளையும் அளந்து, எதைச் சரி செய்கிறார்கள், எதை விட்டு வைக்கிறார்கள், ஏன் என்று முன்கூட்டியே தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கினால் போதாது. கேள்வி கேட்பவரை அதட்டுவதும் கூடாது.

வாத ஜுரக்காரர்கள் ஆபரேஷன் முடிந்த பிறகும், டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மிச்சமுள்ள வால்வுகளுக்கு அதுவே காவல். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மருந்து எந்நாளும் இருப்பில் இருக்கும்படி சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டும்.