கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல்

ஆஃபர் லெட்டர் வந்ததும் நீங்க முதல்ல எதைப் பார்ப்பீங்க? நான் சம்பளத்தைத்தான் பார்த்தேன். மீதியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு வருஷ பாண்ட் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

"சட்டமெல்லாம் வக்கீல் பார்த்துப்பார்" என்று நினைக்கிறோம். நம்ம நாட்டு டெலிகாம் கம்பெனிகளின் கதையைக் கேளுங்க. 1999-இல் அவர்களின் உரிமக் கட்டணம், வருவாயில் ஒரு பங்கு என்று மாறியது. எது வருவாய்? போன் சேவையில் வந்த பணம் மட்டுமா, வட்டியும் வாடகையும் சேர்த்தா? வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. எல்லாத் தரப்பிலும் பெரிய வக்கீல்கள். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வட்டியும் வாடகையும் சேரும், உரிம ஒப்பந்தத்திலேயே வரையறை தெளிவாக இருக்கிறது என்றது. அரசு கேட்ட பாக்கி 92,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் அசலைவிட வட்டியும் அபராதமும்தான் அதிகம்.

வக்கீலுக்கு வேலை கையெழுத்துக்கு முன்னாடிதான் அதிகம். அப்புறம் அவர் வாதாடத்தான் முடியும்.

நம்ம பிளேஸ்மென்ட் செல் ஆப்டிட்யூடுக்கு இத்தனை வகுப்பு வைக்கிறது. ஒப்பந்தம் படிக்கச் சொல்லித்தர ஒரு வக்கீலை ஒரு மணி நேரம் கூப்பிடலாமே? ஜூனியர்ஸ், நீங்களாவது கேளுங்க.