பயனிழக்கும் மருந்துகள்: பழி யாருக்கு?

மருந்துக்கு அடங்காத நோய்கள் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்தப்படுபவன் நோயாளியே. சொன்ன நாள்வரை மருந்தை உட்கொள்ளவில்லை. வைத்தியரைக் கேளாது தானே வாங்கிப் பூசினான் என்ற குற்றச்சாட்டு எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பங்கசு நோய்களைப் பொறுத்தவரை, பெரும் பொறுப்பைச் சுமக்கவேண்டியோரைத் தப்பவிட்டு எளியவனைப் பிடித்துத் தண்டிக்கும் நியாயமாகவே அது அமைந்துவிடுகின்றது.

பங்கசுக்கு எதிரான மருந்துகள் மிகச் சிலவே. பற்றீரியாவின் கலம் மனிதக் கலத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. நமக்கு ஊறின்றி அதனைத் தாக்கப் பல வழிகள் உண்டு. பங்கசோ நம்மைப் போலவே கருவுடைய கலங்களாலானது. உயிரினப் பாகுபாட்டில் தாவரத்தைக் காட்டிலும் விலங்குக்கே நெருங்கிய உறவு. அதனைக் கொல்லும் நஞ்சு நம்மையும் தீண்டக்கூடும். எனவே உடலினுள் பரவிய பங்கசு நோய்க்கு வைத்தியர் கையாளும் மருந்துகள் பெரும்பாலும் நான்கு வகைகளுள் அடங்கிவிடுகின்றன. அவற்றுள் தலையாயது அசோல் வகை. பங்கசின் கலமென்சவ்வுக்கு இன்றியமையாத எர்கொஸ்தரோலை ஆக்கும் நொதியம் ஒன்றை அது தடுக்கின்றது.

இந்த அசோலுக்கு நேர்ந்த கதியை நெதர்லாந்தில் காணலாம். அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் என்னும் பங்கசின் வித்திகள் காற்றெங்கும் மிதப்பவை. நாம் அனைவரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கின்றோம். நலமுடையோருக்கு அவற்றால் தீங்கில்லை. குருதிப் புற்றுநோயாளர், உறுப்பு மாற்றம் பெற்றோர் ஆகியோரின் சுவாசப்பையிலோ அது உயிர்கொல்லியாகின்றது. 1990களின் இறுதியிலிருந்து அந்நாட்டில் அசோலுக்கு அடங்காத அஸ்பெர்ஜிலஸ் தலைகாட்டலாயிற்று. அந்நோயாளருட் பலர் அதற்குமுன் அசோல் மருந்தை உட்கொண்டதே இல்லை! உட்கொள்ளாத மருந்தை எதிர்க்கும் வல்லமை அவர்கள் உடலிலிருந்த பங்கசுக்கு எங்கிருந்து வந்தது?

விடை மண்ணில் இருந்தது. நோயாளரிடம் காணப்பட்ட அதே பரம்பரையலகு விகாரம் மண்ணிலும் கூட்டெருவிலும் கண்டெடுக்கப்பட்டது. கழித்தொதுக்கிய தியூலிப் கிழங்குக் குவியல்களும் அப்பங்கசின் விளைநிலமாயிருந்தன. டெபுகொனசோல் முதலிய ஐந்து அசோல் பங்கசுநாசினிகளுக்கு அங்கு அனுமதி வழங்கப்பட்டது 1990க்கும் 1996க்கும் இடையில். அவற்றின் மூலக்கூற்று வடிவம் வைத்தியசாலை அசோல்களை ஒத்தது. நாசினியில் நனைந்த தாவரக் கழிவிலே பழகிய பங்கசுக்கு மருந்து புதிதன்று.

பயிர்நோயை நோக்கித் தெளித்தோமேயன்றி அஸ்பெர்ஜிலசை நோக்கியன்று என்பார் உளர். அதுவே குற்றம் என்கிறோம். நோக்காததால்தான் அதற்கு நேர்வதை எவரும் கவனிக்கவில்லை. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையின்படி, 2010 முதல் 2021 வரை அங்கு மனித மருத்துவத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட அசோல் சுமார் 120,000 தொன். அதில் நூற்றுக்கு 99 பங்கு விவசாயத்துக்கானது. இதனோடு ஒப்பிட்டால் ஒரு நோயாளி இடையில் நிறுத்திவிட்ட குளிசைகள் எம்மாத்திரம்?

தோல்நோய்களின் கதை வேறு. இந்தியாவில் பரவி, 2020இல் ட்ரைகோபைற்றன் இந்தோற்றினியே எனப் பெயரிடப்பட்ட படர்தாமரைப் பங்கசு, பெரும்பாலும் ரேர்பினபின் மருந்துக்கு அடங்குவதில்லை. நோயாளி தானே வாங்கிப் பூசினான் என்பது இங்கு மெய்யே. ஆனால் அவன் பூசியது எதனை? ஸ்டீரொயிட்டும் பங்கசு மருந்தும் பற்றீரியா மருந்தும் கலந்த களிம்பை! ஸ்டீரொயிட் அரிப்பையும் சிவப்பையும் தணித்து, நோய் தீர்ந்தது போன்ற மயக்கத்தைத் தருகின்றது. பங்கசோ உள்ளே தழைக்கின்றது. இக்கலவையைக் கலந்தவன் நோயாளியா? அனுமதித்தவன் அவனா? 2018இல்தான் இந்திய அரசு ஸ்டீரொயிட் களிம்புகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது.

இவற்றிலிருந்து பாடம் கற்றோமா? ஒலொரோபிம் என்னும் புதுவகை மருந்து சோதனையில் இருந்தபோதே, அதே நொதியத்தைத் தாக்கும் இப்புளுபினொகுயின் என்னும் பங்கசுநாசினிக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. நாசினிக்கு எதிர்ப்புப் பெற்ற அஸ்பெர்ஜிலஸ் மருந்தையும் எதிர்க்கிறதென ஆய்வுகூடங்கள் காட்டிவிட்டன. நோயாளியைச் சென்றடையுமுன்பே மருந்தைச் செயலிழக்கச் செய்யும் இச்செய்கையை அறியாமை என்பதா, அலட்சியம் என்பதா?

கமக்காரனின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. பயிர் அழிந்தாலும் மக்கள் மடிவர். தேயிலைக் கொப்புள நோய்க்கு எக்சகொனசோல் போன்ற அசோல்களைத் தெளிக்கும் நம் நாட்டுக்கும் இது பொருந்தும். நாம் வேண்டுவது தடையன்று, பங்கீடு: மனிதனுக்கென ஒதுக்கிய மருந்தின் உறவு வயலுக்குச் செல்லலாகாது. இங்கே பீடைகொல்லிகளைப் பதிவுசெய்பவர் விவசாயத் திணைக்களத்தின் பீடைகொல்லிப் பதிவாளர். மருந்துகளுக்குப் பொறுப்பு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. புதிய பங்கசுநாசினி எதுவாயினும், அதன் உறவுடைய மருந்து வைத்தியசாலையில் உண்டா என்ற வினாவுக்கு விடையின்றிப் பதிவுபெறுதல் கூடாது. அவ்வாறே, ஸ்டீரொயிட் கலந்த களிம்பு சீட்டின்றி விலைப்படுதலும் ஆகாது.

இவ்வினாவை எழுப்பவேண்டியோர் பல்கலைக்கழகத்தினரே. விவசாய பீடத்தில் ஒருவர் விளைச்சலைக் காக்கும் மூலக்கூற்றை ஆராய்கின்றார். மருத்துவ பீடத்தில் மற்றொருவர் உயிரைக் காக்கும் மூலக்கூற்றைக் கற்பிக்கின்றார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசாதவரை, நோயாளியைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. பங்கசுக்குப் பீட எல்லைகள் தெரியா. அது வயலிலிருந்து நோயாளியின் கட்டில்வரை காற்றோடு வருகின்றது.