பண்டிதர்க்கு மட்டுமா கணிப்பொறி விவிலியம்?

நான் ஆங்கில இலக்கிய மாணவன், கிறித்தவன் அல்லன். 1667-இல் வெளிவந்த மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ எங்களுக்குப் பாடம். ஏவாள் உண்ட கனியை மில்டனின் சாத்தான் ஆப்பிள் என்கிறான். விவிலியமும் அப்படித்தான் சொல்கிறதா? இந்த ஒரே கேள்வியோடு விவிலிய ஆய்வு மென்பொருள் ஒன்றைத் திறந்தேன்.

திரை நிறையக் கட்டங்கள்; எண்ணி முடியாத பொத்தான்கள். ‘ஆதியாகமம்’ என்று தட்டினேன், இல்லை என்றது. அதில் இருந்ததோ 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. அங்கே அந்நூலின் பெயர் ‘தொடக்க நூல்’! இரண்டும் ஒன்றே என்று விடுதி நண்பர் ஒருவர் சொன்ன பிறகே வழி தெரிந்தது. மூன்றாம் அதிகாரத்தில் கனி உண்டு, ஆப்பிள் இல்லை. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று.

அறிஞர்களுக்கான கருவிகளை நான் குறை கூறவில்லை. 1890-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் சொல்லடைவு, எபிரேய, கிரேக்கச் சொற்களுக்கு எண் கொடுத்தது. இன்றைய மென்பொருள்கள் பலவும் அவ்வெண்களையே கையாளுகின்றன. எபிரேயச் சொல் 7307-ஐத் தொட்டால் ‘காற்று, மூச்சு, ஆவி’ என்று பொருள்கள் வரிசையாக வரும். எந்த இடத்தில் எந்தப் பொருள்? கற்றவர் இடம் நோக்கித் தெளிவார். கல்லாதவரோ தமக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொண்டு, “மூலமே இப்படித்தான் சொல்கிறது” என்று வாதாடுவார். இது அறியாமையைவிடக் கேடு அல்லவா?

ஆகவே எளிமை என்பது பொத்தான்களைக் குறைப்பது மட்டுமன்று. முதல் திரையில் வாசிக்கும் பக்கமும் ஒரு தேடல் கட்டமும் போதும். சங்கீதம் என்றாலும் திருப்பாடல்கள் என்றாலும் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லட்டும். ஒரு சொல்லைத் தொட்டால், அந்த வசனத்தில் அதற்குரிய பொருளை ஒரு வரியில் முதலில் சொல்லட்டும். மற்றவை கேட்பவர்க்கு வரட்டும்.

எளிமையாக்கினால் ஆழம் போய்விடும் என்பர் சிலர். கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸில் உருவான, இலவசமாகக் கிடைக்கும் ‘ஸ்டெப் பைபிள்’ அவர்களுக்கு விடை. வாசிக்க வந்தவர் வாசிக்கலாம்; விரும்பியவர் சொல்லைத் தொட்டு மூலமொழிக்குள் செல்லலாம்.

ஒரே ஒரு நூலைத் தேடி வரும் மாணவனை, “நூற்பட்டியல் முறையைக் கற்றுக்கொண்டு வா” என்று நம் நூலகர் திருப்பி அனுப்புவதில்லை. நூலை எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பண்பைத்தான் கணிப்பொறியிடமும் கேட்கிறேன்.