கம்பி வழியே ஏறும் எண்ணெய்

தானாகக் கியர் மாறும் கார்களில் பழுது வந்தால், "கியர் பெட்டியையே மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிடுவோர் உண்டு. இதை நான் ஏற்பதற்கில்லை.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த 722.6 என்னும் ஐந்து கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதனுள் மின் இணைப்புகள் எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. வெளிக்கம்பிகள் வந்து சேரும் 13 முனைப் பிளக்கின் ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகிப்போக, எண்ணெய் கசிகிறது. கசிவதோடு நில்லாமல், கம்பி இழைகளின் இடுக்கில் மெல்ல மேலேறி, எட்டத்திலுள்ள எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக் கருவியையே அடைந்துவிடுகிறது! நுண்புழை ஏற்றம் என்று கண்ணாடிக் குழாயில் பார்த்துப் பரீட்சையில் எழுதுகிறோமே, அதுவேதான். பிறகு வண்டி இரண்டாம் கியருக்கு மேல் மாறாது. உரிமையாளரோ பல்சக்கரம் உடைந்ததென்று அஞ்சுவார்.

மாற்ற வேண்டியது சிறு பிளாஸ்டிக் உறையும் அதன் வளையங்களும் மட்டுமாக இருக்கலாம். ஏறிய எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே அறுந்த கம்பியை ஒட்டுவோர் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றலாகாது. சூடான எண்ணெயில் அதன் பசை விட்டுவிடும். இவ்வளவையும் பொறுமையாகத் தேடிப் பார்க்கும் மெக்கானிக்குக் கூலி தரத் தயங்குகிறவர்கள், புதுப் பெட்டிக்கு மட்டும் பணத்தை எண்ணி வைப்பது எனக்கு விளங்கவில்லை.