பேர் எழுதாத மொய்

எங்க வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு நீளமான பழைய நோட்டு இருக்கிறது. அக்கா கல்யாணத்து மொய் நோட்டு. யாராவது பத்திரிகை வைத்துவிட்டுப் போனால் அம்மா முதலில் எடுப்பது அதைத்தான். "அவங்க நமக்கு ஐநூத்தியொண்ணு எழுதியிருக்காங்க. நாம ஆயிரத்தியொண்ணாவது எழுதணும்" என்பார். உங்க வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சி உலகமும் மொய்யில்தான் ஓடுகிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே வித்தியாசம், அங்கே நோட்டில் பேர் எழுதமாட்டார்கள். இதை நான் தெரிந்துகொண்ட கதை கொஞ்சம் அவமானமானது. பரவாயில்லை, நமக்குள்ளதானே.

மூன்றாம் வருஷம் நானும் என் ரூம்மேட்டும் வாழை இலைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் ஒரு மினி ப்ராஜெக்ட் செய்தோம். 98 சதவீத துல்லியம் வந்தது. உடனே "பேப்பர் போட்டுடலாம்" என்று ஒரு ஜர்னலுக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். வந்த ஒரே 'ரிவ்யூ' 1,800 ரூபாய் எப்படிக் கட்டணும் என்பதுதான். கட்டினோம், சர்டிஃபிகேட் வந்தது, ஸ்டேட்டஸ் வைத்தோம். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தோம். இரண்டாம் பக்கத்தில், 'இந்த இடத்தில் உங்கள் உள்ளடக்கத்தை எழுதவும்' என்ற டெம்ப்ளேட் பத்தி அப்படியே இருந்தது. அதோடவே பப்ளிஷ் ஆகியிருந்தது. அதாவது, உலகத்தில் ஒருத்தர்கூட அதைப் படிக்கவில்லை. எழுதின நாங்களும் சேர்த்து.

ஃபைனல் இயரில் கைடு மேம் சொன்னதால், அதே வேலையைக் கொஞ்சம் வளர்த்து ஒரு சின்னப் பயிலரங்குக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: நிராகரிப்பு. கூடவே மூன்று பேரின் குறிப்புகள். முதல் இரண்டும் சுமாரானவை. மூன்றாவது ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரியின் சாரம் இது: 'ஒரே இலையைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் பயிற்சித் தொகுப்பிலும் சோதனைத் தொகுப்பிலும் கலந்திருக்கின்றன போலிருக்கிறது. அட்டவணை 2-ல் 98 வருவது அதனால்தானா என்று பாருங்கள்.'

அன்று ராத்திரியே பார்த்தோம். அதனால்தான். படங்களை இலை வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினால் 81. ரூம்மேட் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான்: "மச்சி, நம்மள முழுசா படிச்ச முதல் ஆளு இவருதான்டா."

யார் அவர்? தெரியாது. எங்கள் பேர் அவருக்கு மறைக்கப்பட்டிருந்தது, அவர் பேர் எங்களுக்கு. அவருக்கு இதற்குச் சம்பளம் கிடையாது. தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு, எங்கேயோ உட்கார்ந்து, இரண்டு ஃபைனல் இயர் பசங்களின் அட்டவணை 2-ஐச் சந்தேகப்பட்டிருக்கிறார். இப்படிப்பட்ட ஆட்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் கையில் சரியான கட்டுரையைக் கொண்டுபோய்ச் சேர்த்து, நேரத்துக்குப் பதிலை வாங்குவதுதான் ஒரு ஆய்வாளர் சங்கத்தை நடத்துவது என்பதன் முக்கால்வாசி. மீதி கால்வாசிதான் மேடை, மாலை, விருது எல்லாம்.

நமக்குத் தெரிந்த பெரிய சங்கத்தையே எடுத்துக்கொள்வோம்: ஏ.சி.எம். எனும் அசோசியேஷன் ஃபார் கம்ப்யூட்டிங் மெஷினரி. 1947 செப்டம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடிய ஒரு கூட்டத்தில் பிறந்தது. அதற்காக ஓடியாடினவர்களில் முக்கியமானவர் எட்மண்ட் பெர்க்லி, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் எடுத்துக்கொண்ட பதவி தலைவர் இல்லை, செயலாளர். ஆறு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். இன்று அந்தச் சங்கத்துக்குச் சுமார் ஒரு லட்சம் உறுப்பினர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட சிறப்புக் குழுக்கள். நியூயார்க்கில் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கும் ஆபீஸ் உண்டு. ஆனால் தலைவர், மாநாட்டை நடத்துபவர், கட்டுரையைப் படிப்பவர் எல்லாரும் தன்னார்வலர்கள்.

இந்த மொய் நமக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், உங்க சிலபஸைப் புரட்டுங்க. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் படிக்கும் ஹோரின் குவிக்சார்ட் 1961, டி.பி.எம்.எஸ்.ஸில் படிக்கும் காட்டின் ரிலேஷனல் மாடல் 1970, கிரிப்டோவில் வரும் ஆர்.எஸ்.ஏ. 1978. மூன்றும் இந்தச் சங்கத்தின் ஒரே மாத இதழில் வந்தவை. அந்தக் காலத்தில் அதில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒருத்தர் அல்காரிதம் அனுப்பினால் அச்சிடுவார்கள். வாசகர்களில் யாராவது அதைத் தன் மெஷினில் ஓட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று எழுதி அனுப்புவார்கள், அதையும் அச்சிடுவார்கள். குவிக்சார்ட்டுக்கும் அப்படி வந்தது. ஹோர் பேர் நமக்குத் தெரியும். ஓட்டிப் பார்த்தவர் பேர் யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. 'கோ டு' கட்டளை ஆபத்தானது என்று டைக்ஸ்ட்ரா 1968-ல் எழுதியது பிரபலம். அதன் புகழ்பெற்ற தலைப்பு அவர் வைத்ததில்லை. ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த் மாற்றி வைத்தது. சீக்கிரம் வெளிவரட்டும் என்று அதை வாசகர் கடிதமாகப் போட்டவரும் அவரே. ஒரு நல்ல எடிட்டர் செய்யும் வேலை இதுதான். பேர் டைக்ஸ்ட்ராவுக்குப் போயிற்று, போகவும் வேண்டும்.

சரி, சிக்கல் எங்கே? மொய் நோட்டில் பேர் இருப்பதால்தான் எல்லாரும் ஒழுங்காகத் திருப்பிச் செய்கிறோம். இங்கே பேரே இல்லை. செய்யாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. சாப்பிட்டுவிட்டு நைசாகக் கை கழுவிக் கிளம்பிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கட்டுரை அனுப்பினால் குறைந்தது மூன்று பேர் படிக்க வேண்டும். அப்படியானால் அனுப்பும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அதை எழுதினவர்கள் மூன்று கட்டுரைகளைப் படித்துத் தர வேண்டியவர்கள். இயந்திரக் கற்றலின் பெரிய மாநாடான நியூரிப்ஸுக்கு 2014-ல் வந்தவை 1,678 கட்டுரைகள். 2020-ல் 9,467. 2025-ல் 21 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மும்மூன்று பேர் என்றாலே 63 ஆயிரம் விமர்சனங்கள், சில மாதங்களுக்குள். அத்தனை அனுபவசாலிகளுக்கு எங்கே போவது?

2014-லேயே அந்த மாநாட்டை நடத்தியவர்கள் துணிச்சலாக ஒரு சோதனை செய்தார்கள். 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். 43 கட்டுரைகளில் ஒரு குழு ஏற்றதை இன்னொரு குழு தள்ளியது. ஒரு குழு தேர்ந்தெடுத்தவற்றில் ஏறக்குறைய பாதி இன்னொரு குழுவிடம் தேறவில்லை. இது 1,678 கட்டுரைகள் வந்த காலத்து நிலவரம். தங்கள் குறையைத் தாங்களே அளந்து ஊருக்குச் சொன்னார்கள் பாருங்க, அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை. நம்ம 1,800 ரூபாய் ஜர்னல் அப்படி ஒரு சோதனை செய்தால் முடிவு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும். அங்கேதான் யாருமே எதையும் தள்ளுவதில்லையே.

"அதெல்லாம் இருக்கட்டும், ஏன் ஓசியில் உழைக்கணும்? இது சுரண்டல் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இலவசமாக எழுதி, இலவசமாகப் படித்துக் கொடுத்ததை, அதே ஆட்களின் கல்லூரிக்குப் பெரிய விலைக்கு விற்கும் பதிப்பகங்கள் உண்டு. 2001-ல் 'மெஷின் லேர்னிங்' என்ற இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து 40 பேர் இந்தக் காரணத்தைச் சொல்லி விலகினார்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஒரு புது இதழுக்கு ஆதரவு தந்தார்கள். இன்று அந்தத் துறையில் முன்வரிசையில் இருக்கும் ஜே.எம்.எல்.ஆர். அதுதான். இதழின் உயிர் அட்டையில் இல்லை, படிக்கிறவர்களிடம்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சங்கம் தேவைப்படுவதும் இதனால்தான். அது உறுப்பினர்களுடையது. தேர்தல் உண்டு, கணக்குக் கேட்கலாம், சண்டை போடலாம். கட்டுரைகளைக் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டுமா என்று ஏ.சி.எம்.முக்குள் பல வருஷம் சண்டை நடந்தது. 2022-ல் தன் முதல் ஐம்பது வருஷக் கட்டுரைகளைத் திறந்துவிட்டது. 2026 ஜனவரி முதல் எல்லாக் கட்டுரைகளையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் செலவு மாயமாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. இப்போது எழுதுகிறவரின் நிறுவனமோ எழுதுகிறவரோ கட்ட வேண்டியிருக்கிறது. நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கு அது சுமையா என்பது அடுத்த சண்டை. அந்தச் சண்டையைப் போடவாவது உள்ளே ஆள் வேண்டாமா?

"இதெல்லாம் அமெரிக்கா கதை" என்று தள்ளிவிடாதீங்க. இந்தியாவில் கணினி என்பதே அபூர்வமாக இருந்த 1965-ல் கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஆர். நரசிம்மன் சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர். கணினியைக் கட்டினால் மட்டும் போதாது, அதைப் பற்றிப் பேச ஒரு சபையும் வேண்டும் என்று அவர்கள் அன்றே நினைத்திருக்கிறார்கள்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். போன வருஷம் நான் டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரெட்டரி. பொறுப்பேற்ற அன்று சீனியர் அண்ணா ஒரு துணிப்பை கொடுத்தார். உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், சுருட்டின பேனர், பேர் எழுதாத சர்டிஃபிகேட் ஒரு கட்டு. "அவ்ளோதான்ணா?" என்றேன். "அவ்ளோதான்டா" என்றார். வரவு செலவு இல்லை. யார் யார் பேச வந்தார்கள் என்ற பட்டியல் இல்லை. மெயில் பாஸ்வேர்ட் அவருக்கும் முந்தின பேட்சோடு போய்விட்டது. வருஷா வருஷம் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறோம், வருஷா வருஷம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். நானும் அந்த வருஷம் பாதி நேரத்தை ஓ.டி. லிஸ்ட் போடுவதிலும் பொன்னாடை வாங்குவதிலும்தான் கழித்தேன். குறை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதென்றால், அந்தக் குறையில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதால்தான்.

நாம் பெரிய சங்கங்களைப் பார்த்துக் காப்பியடித்தது அந்தக் கால்வாசியை மட்டும். முக்கால்வாசியை விட்டுவிட்டோம். அதனால் ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். ஒவ்வொரு ஃபைனல் இயர் ரிப்போர்ட்டையும் சமர்ப்பிக்கும் முன் இரண்டு பேர் முழுசாகப் படிக்கட்டும், ஒரு பேட்ச்மேட், ஒரு ஜூனியர். 'சூப்பர்ணா' என்று எழுதக்கூடாது. எங்கே புரியவில்லை, எந்த எண் சந்தேகம் என்று ஒரு பக்கம். அந்தப் பக்கங்களும், வரவு செலவும், பாஸ்வேர்டும் ஒரு நோட்டில் சேர்ந்து அடுத்த செகரெட்டரி கைக்குப் போகட்டும். இதற்கு ஸ்பான்சர் வேண்டாம், ஹால் புக்கிங் வேண்டாம்.

பிளேஸ்மென்ட் சீசனில் யாருக்குடா நேரம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அடுத்தவன் ரிப்போர்ட்டில் ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பழகினவனுக்கு, தன் ரிப்போர்ட்டில் இருப்பது தானாகத் தெரியும். இன்டர்வியூவில் "இந்த 98 எப்படி வந்தது?" என்று கேட்கும்போது அது உதவும். என் ரெஸ்யூமில் இப்போது அந்த ஜர்னல் இல்லை. 81 சதவீதம் இருக்கிறது. அது எப்படி 81 ஆனது என்று அரை மணி நேரம் பேச என்னால் முடியும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த மூணாவது ஆளுக்கு நீ எப்படிடா திருப்பிச் செய்வ? பேரே தெரியாதே" என்றார். தெரியாதுதான். அவருக்குச் செய்ய வழியே இல்லை. போன வாரம் ஒரு மூன்றாம் வருஷப் பையன் ரிப்போர்ட்டை அனுப்பி, "அண்ணா, சும்மா ஒரு தடவை பாருங்க" என்றான். அட்டவணை 2-லிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.